பூஜ்யத்திலிருந்து

“பூஜ்யம் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு தம்பி?”

ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரப் பிரிவுத் தலைவி பின்னால் வந்து நின்று கேட்டதும் கிளி திடுக்கிட்டான். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

அவன் திரையில், எந்த வார்டில் எவ்வளவு பேருக்குத் தொற்று என்று காட்டும் பட்டை வரைபடம். பைதான் கணினி மொழியில், மேட்பிளாட்லிப் என்ற வரைபடக் கருவியை வைத்து வரைந்தது. எழுத்து, நிறம், கோடு எல்லாம் கனகச்சிதம். மருத்துவ இதழில் அப்படியே அச்சடிக்கலாம். மூன்றாம் வார்டின் சிவப்புப் பட்டை மட்டும் மற்றதைவிட மூன்று மடங்கு உயரம்.

“எல்லா வார்டும் நூத்துக்கு நாலு சொச்சம்தான் மேடம். அதான் அடியில நாலு வரைக்கும் வெட்டிட்டேன். வித்தியாசம் எடுப்பா தெரியுதுல்ல?”

“எல்லாரையும் கழுத்தளவு தண்ணியில நிக்க வச்சுட்டு, தலையை மட்டும் பார்த்து, ஒருத்தன் மத்தவனைவிட மூணு மடங்கு உயரம்னு சொல்வியா? பூஜ்யத்துல இருந்து வரை.”

“படம் சப்புன்னு ஆயிடும் மேடம்...”

“ஆகட்டும். இதழுக்குப் போறது அப்புறம். நாளைக்கு இதைப் பார்த்துத்தான் மூணாம் வார்டு தலைமை நர்ஸைத் தூக்குறதா வேண்டாமான்னு நிர்வாகம் முடிவு பண்ணப்போகுது. மாத்து.”

அவர் போனதும் கிளி குரலை மூக்குக்கு ஏற்றினான். “பூஜ்யம் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு தம்பி?” பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது.

பக்கத்து சீட்டு அக்கா மட்டும் குனிந்து கிசுகிசுத்தாள். “டேய், அந்த நர்ஸ் யாரு தெரியுமா? இந்தம்மாவோட நாத்தனார்!”

“அடி சக்கை! அப்போ பேசினது கணக்கு இல்லக்கா, சொந்தம்!”

வேறு வழியில்லாமல் நிரலில் ஒரு வரியை மாற்றி ஓட்டினான். சிவப்புப் பட்டை சட்டென்று குனிந்து, மற்ற பட்டைகளோடு தோளுரசி நின்றது. கிளி அதை வேண்டாவெறுப்பாக நிர்வாகத்துக்கு அனுப்பினான்.

மறுநாள் சாயங்காலம் அந்த நர்ஸ் வந்தார்.

“படம் போட்டது நீங்களா தம்பி? எல்லா வார்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்னு என்னை விட்டுட்டாங்க. ரொம்ப நன்றிப்பா.”

“எனக்கு எதுக்கு?” கிளி நமுட்டுச் சிரிப்போடு எதிர் அறையைக் காட்டினான். “மாத்தச் சொன்னது உங்க அண்ணி. சொந்தம்னா சும்மாவா!”

நர்ஸின் முகம் வெளுத்தது.

“அவங்களா?”

மூடியிருந்த அந்தக் கதவுவரை போனார். தட்டக் கை எழவில்லை.

“அவங்க எனக்கு அண்ணியா இருந்தது எப்பவோ, தம்பி. எங்க அண்ணன் விவாகரத்துக் கேஸுல, அவங்களுக்கு எதிரா பொய்ச் சாட்சி சொன்னவ நான்.”