புது ஆளுக்கு என்ன சம்பளம்?

“முன்னாடி பார்த்த வேலையை ஏன் விட்டீங்க?”

கிளேபாங் சாலையோரம் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஹனிபா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார். எதிரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த நாகமுத்துவுக்கு ரொட்டி சானாய் போடுவதில் பதினோரு வருடப் பழக்கம். அவர் வீசும் ரொட்டி வழியாகப் பேப்பர் படிக்கலாம் என்பார்கள். நியாலாஸ் ஊர்க்காரர் ஒருவர் படித்தே இருக்கிறார், விளையாட்டுப் பக்கம் வரைக்கும்.

இந்த வேலை கிடைக்காவிட்டாலும் மனைவி சுசீலா சோறு போடுவாள். ஆனால் பேசிக்கொண்டே போடுவாள். 

“சம்பளந்தான் முதலாளி. அங்க பழைய ஆளுக்கு வருசத்துக்கு முப்பது வெள்ளிதான் ஏத்துவாங்க. புதுசா வர்றவனுக்கு மார்க்கெட் ரேட். நேத்து வந்த காந்தன் என்னைவிட நானூறு வெள்ளி கூட வாங்குறான் லா. அவனுக்கு மாவு பிசையக் கத்துக்கொடுத்ததே நான்தான்.”

“அப்படியும் ஒரு கடையா?” ஹனிபா உச்சுக்கொட்டினார்.

அது தெரிந்த நாளிலிருந்து தன் கையில் மாவு நீளவே மறுக்கிறது என்றார் நாகமுத்து. சப்பாத்தி அளவுக்கு மேல் ஒரு விரல்கூட நகராதாம். காந்தன் பக்கத்தில் வந்து நின்றால் கொஞ்சம் சுருங்கவும் செய்யுமாம். உம்பாயில் ஒரு கடைக்காரர் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பதையும் காதில் போட்டு வைத்தார்.

உம்பாய் என்றதும் ஹனிபாவுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் பெயர், வயது, எத்தனை பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

“அந்த முதலாளி ஆள் எப்படி?”

நாகமுத்து ஹனிபாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “மனுசன் தங்கம். அவங்க அத்தா போட்டுவச்ச சட்டம், மாத்தப் பயப்படுறாரு.”

ஹனிபா எழுதிய தாளின் ஓரத்தில் எதையோ கூட்டிப் பார்த்தார். பிறகு, புது ஆளுக்கு இரண்டாயிரத்து நானூறு வெள்ளி சம்பளம் என்றார். ரொட்டி வீசிக் காட்டட்டுமா என்று நாகமுத்து கேட்டதற்கு, வேண்டாம், கையைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லிவிட்டார்.

“எப்ப வேலைக்கு வர முடியும்?”

“இப்பவே.”

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். நாகமுத்து நேரே அடுப்படிக்குப் போய், கால் மணி நேரத்துக்கு முன்பு இதே ஹனிபாவிடம் ராஜினாமாக் கடிதம் கொடுக்கக் கிளம்பியபோது கல்லில் போட்டுவிட்டு வந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார். நல்லவேளை, ஒரு பக்கம்தான் கருகியிருந்தது.