துரை வாய் வைத்த கிளாஸ்

“அதைத் தொடாதீங்க!”

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டு டீக்கடையே திரும்பிப் பார்த்தது. திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கிய பேண்ட் போட்ட மனிதர், சவுரியம்மாளைப் பார்த்துத்தான் கத்தினார். டீ குடித்த கிளாஸைத் தானே கழுவி, வெளிப் பலகையில் கவிழ்க்கப் போனவள் அதை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை பட்ட அவமானமே அவளுக்கு இன்னும் ஆறவில்லை. களையெடுத்த களைப்பில், காலனிக்காரர்களுக்கென்று வெளியே வைத்திருந்த கிளாஸை விட்டுவிட்டு, உள்ளே இருந்த பூப்போட்ட கிளாஸ்களில் ஒன்றை எடுத்துவிட்டாள். பத்துக் காணி நிலக்காரர் சுப்பராயலு அதைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்தார்.

“நீ வாய் வச்ச கிளாசுல நாங்க குடிக்கிறதா?” என்று ஊர் கேட்கக் கத்தினார். அன்று முழுக்க அவள் சோறு தின்னவில்லை.

இன்றும் சுப்பராயலு பெஞ்சில்தான் இருந்தார். “நல்லா கேளுங்க சார்! இதுங்களுக்கு சொல்லி சொல்லிப் பேஜாராப் போச்சு” என்றார்.

வந்தவர் அதைக் காதில் வாங்கவில்லை. கைக்குட்டையை விரித்துக் கிளாஸை ஏந்தி, பையிலிருந்து லென்ஸை எடுத்தார்.

“இதைப் போய் வெயில்ல போட்டு வச்சிருக்கீங்களே! புதுச்சேரியில பழம்பொருளோடதான் என் பொழப்பு. இது நூத்தம்பது வருஷத்து சரக்குங்க. பிரெஞ்சு துரை வாய் வச்ச கிளாஸ்!”

கடைக்காரர் சீனுவாசன் பால் பொங்குவதை மறந்தார். “காயலான் கடையில கூடையோட அள்ளிக்கினு வந்தது சார் இது!”

“அதான். பங்களா சாமானெல்லாம் கடைசியா அங்கதானே வரும்?”

“வயசை எப்படி சார் கண்டுபுடிக்கிறீங்க?”

“அச்சுல வார்த்ததுன்னா பக்கவாட்டுல மேலேர்ந்து கீழ ஒரு கோடு ஓடும். அது மிஷின் சரக்கு. வாயால ஊதி செஞ்சதுல கோடே இருக்காது. இந்தத் திராட்சைக் கொடியைப் பாருங்க, சாணைச் சக்கரத்துல வச்சு ஒவ்வொரு இலையா அறுத்திருக்கான். விளிம்புல தங்கம் பூசி, தேஞ்சே போயிருக்கு.”

பிறகு சுப்பராயலு குடித்து வைத்திருந்த பூப்போட்ட கிளாஸை இரண்டு விரலால் தூக்கினார். “இது வெறும் பெயிண்ட். சுரண்டிப் பாருங்க, வந்துடும்.”

சீனுவாசன் சுரண்டினார். ஒரு இதழ் நகத்தோடு வந்துவிட்டது. இத்தனை நாளும் கௌரவமாகக் குடித்தது இதில்தானா என்று சுப்பராயலுவின் முகம் சுருங்கிப் போயிற்று.

“சீனு, அந்தக் கிளாசுல எனக்கு ஒரு டீ போடு.”

“அண்ணே, அது அவங்க குடிக்கிற...”

“துரை குடிச்சதுன்றாரு, நடுவுல எவன் குடிச்சா இன்னா? ஜல்தியா கழுவுடா!”

சீனுவாசன் வெந்நீரில் மூன்று தரம் கழுவினார். முப்பது வருஷத் தீட்டு மூன்றே தரத்தில் போய்விட்டது. சுப்பராயலு இரண்டு கையாலும் கிளாஸை வாங்கி, தீர்த்தம் குடிப்பது போல உறிஞ்சினார்.

“சார், பக்கவாட்டுல மேலேர்ந்து கீழ ஏதோ கோடாட்டம் நிரடுதே?”

“துரையோட மோதிரம் பட்ட இடம்ங்க” என்றார் வந்தவர், கண் இமைக்காமல்.

“அடேயப்பா!” சுப்பராயலு இன்னொரு டீ சொன்னார். இனி அந்தக் கிளாஸில் தன்னைத் தவிர வேறு யாரும் குடிக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

விழுப்புரம் பஸ் வந்தது. வந்தவர் முன்பக்கமாக ஏறினார். மல்லாட்டைக் கடலைக் கூடையோடு சவுரியம்மாள் பின்பக்கமாக ஏறினாள். கடை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏன்டா அந்தோணி, பழம்பொருள் கடையில சாமான் தொடைக்கிறவனுக்கு இம்மாம் வாயா? நெசத்தச் சொல்லு. அது துரை வாய் வச்ச கிளாசா?”

அந்தோணிசாமி லென்ஸைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

“இல்ல அத்தே. நீ வாய் வச்ச கிளாசு.”