டீசல் எங்கே போகுது?

"டேங்க்கை நான்தானே ரொப்பினேன்? அதுக்குள்ள முள்ளு அடியில வந்து படுத்துக்கிச்சு. டீசல் எங்கேதான் போகுது?"

வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் வந்தது. அவர் மனைவி சலவைத் துணி மூட்டைகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டே, "பழைய வண்டிதானே, கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்" என்றாள்.

"பழசானா குடிக்கணும்னு சட்டமா? என் கை பட்ட வண்டி அது."

பேச்சுக்குச் சொல்லவில்லை. இரும்புக் கடைக்குப் போகவிருந்த பிக்கப்பை வாங்கி, எஞ்சினைப் பிரித்து மேய்ந்து உயிர் கொடுத்தவர் அவர். அவள் அதில்தான் ஓட்டல்களுக்கு வெளுத்த துணி கொண்டுபோய்க் கொடுத்து வருகிறாள். சொந்த வண்டியே எண்ணெய் குடித்தால், ஊரான் எவன் தன் வண்டியை நம்பி விடுவான்?

ஏர் ஃபில்டரை மாற்றினார். டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, கைத்தோல் உரியுமளவுக்குத் தேய்த்துக் கழுவினார். டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொண்டார். பிரேக் பிடித்து இழுக்கிறதோ என்று நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றிப் பார்த்தார். மேலே இருந்த இரும்புக் கேரியர் வீண் பாரம் என்று அதையும் அறுத்தெடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்த வண்டி எட்டைத் தாண்ட மறுத்தது.

"ஏம்மா, கிளட்ச் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுறியா?"

"இல்லைங்க."

"அப்ப எவனாவது குழாய் விட்டு உறிஞ்சுறானா?"

"நம்ம டீசலை யாரு உறிஞ்சப் போறாங்க?" என்றவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துணி மூட்டையில் ஏற்கெனவே கட்டிய முடிச்சை மறுபடி இறுக்கினாள். அது அவருக்குச் சுருக்கென்றது.

கடைசியாக எஞ்சின் ஆயிலை இறக்கிப் பார்த்தார். தாராகக் கறுத்திருந்தது. ஓடிய தூரமோ கொஞ்சம். அப்போதுதான் விளங்கியது. வண்டி ஓடவில்லை. எங்கேயோ நிற்கிறது. எஞ்சினை அணைக்காமல், மணிக்கணக்கில்.

"டிராஃபிக்தாங்க" என்றாள், கேட்டதற்கு.

பொய். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இவளுக்காகத்தானே கூடப்பிறந்த அண்ணனையே உதறினார்! அப்பா செத்த வீட்டில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் இவளைப் பார்த்து, "நீ காலெடுத்து வெச்ச நாள்லேருந்துதான் இந்தக் குடும்பம் நாசமாப் போச்சு" என்றபோது, இவள் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ குடிபோனதாகக் காதில் விழுந்தபோதும், எங்கே என்று கேட்கவில்லை. சில மாதம் முன்பு சாப்பிடும்போது, "உங்க அண்ணன்..." என்று அவள் வாயெடுத்ததற்கே, தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

அப்படிப்பட்டவனிடமா பொய்?

மறுநாள் மதியம், சர்வீசுக்கு ஸ்கூட்டர் விட வந்த வாடிக்கையாளர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க வண்டியைப் பார்த்தேனே மாஸ்டர். தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு சந்துல. ஆளே இல்லாம தன்னால உறுமிக்கிட்டு நிக்குது. ரிப்பேரா?"

ஸ்பானரைப் போட்டுவிட்டு, அந்த ஸ்கூட்டரிலேயே பறந்தார்.

தினசரி மின்வெட்டு நேரம். சந்தில் கரண்ட் இல்லை. வெயிலுக்குப் பயந்த ஜனம் வாசற்படிகளில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைக்கோடியில், ஒரு சின்ன ஓட்டு வீட்டின் பின்சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு பிக்கப் நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆளில்லை. பானெட் இடுக்கிலிருந்து தடித்த ஒயர் ஒன்று புறப்பட்டு, அந்த வீட்டு ஜன்னலில் இருந்த இன்வெர்ட்டர் பெட்டிக்குள் நுழைந்திருந்தது.

ஓ! ஊரே வியர்த்து வழிகிறது, இந்த வீட்டுக்கு மட்டும் என் டீசலில் ஃபேன் ஓடுகிறதா? யார் அந்த மகாராசன்?

ரத்தம் தலைக்கேறியது. கதவைத் திறந்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியில் கை வைத்தார்.

"ஐயோ, அணைச்சிடாதீங்க!"

பின்கட்டிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள் மனைவி. சாவியோடு சேர்த்து அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"யார் வீடு இது?"

"கத்தாதீங்க. உள்ளே கேக்கும்."

"கேக்கட்டுமே! எவனுக்கு நான் பயப்படணும்? எவனுக்குக் காத்து வர்றதுக்காக என்கிட்ட பொய் சொன்னே?"

அவள் பிடியை விடவில்லை. "அந்தப் பேரையே எடுக்க விடலையே நீங்க... நான் எப்படிச் சொல்லுவேன்?"

மெக்கானிக்கின் விரல்கள் சாவியின் மேலேயே உறைந்தன.

"உள்ளே ஓடுறது ஃபேன் இல்லைங்க, ஆக்ஸிஜன் மெஷின். கரண்ட் வர்ற வரைக்கும் உங்க அண்ணன் மூச்சு விடுறது இந்த வண்டியிலதான்."

எஞ்சின் ஒரு கணம் திணறி இறங்கியது. அவர் கால் தானாகவே போய் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.