வீட்டுக்கு ஒரு பெயர்

“இந்த வருஷம் வீட்டுக்கு ஒரே ஒரு பேருதான். சரி, பல் டாக்டரம்மாகிட்ட இதை யார் சொல்றது?”

ரொவீனா கேட்டதும் கமிட்டியில் எல்லாருக்கும் அவரவர் காப்பிக் கோப்பையில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது.

தெற்குக் கரோலினாவில், அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற அந்தப் பழைய படகுத்துறையில், ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊர் கூடும். ஒவ்வொருவராகச் சுரைக்குடுக்கையை வாங்கி, மண்ணில் தண்ணீர் ஊற்றி, அந்தக் கப்பல்களில் வந்த தங்கள் மூதாதையர் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். ‘அப்படியே ஆகட்டும்’ என்ற பொருளில் கூட்டம் ‘ஆஷே’ என்று குரல் கொடுக்கும். கடைசியில் ஒரு மலர்வளையத்தைக் கடலில் விடுவார்கள்.

இதை நடத்துகிற கமிட்டிக்கு ரொவீனாதான் தலைவி. ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். கண்டிப்புக்குக் கேட்கவா வேண்டும்!

“போன வருஷம் அந்தம்மா கையில குடுக்கை போச்சே, திரும்பி வந்துச்சா? பேரு மேல பேரு! முடிக்கறதுக்குள்ள தண்ணி உள்வாங்கற நேரம் போய், ஏறற நேரம் வந்துடுச்சு. கடலுக்குப் போக வேண்டிய மலர்வளையம் திரும்பி நம்ம காலடிக்கே வந்து நின்னுச்சு. எவ்வளவு அவமானம்!”

“வாயைத் திறங்கன்னு சொல்றது அவங்க தொழில். மூடுங்கன்னு அவங்ககிட்ட யாரு சொல்லுவா?” என்றார் மைக் பொறுப்பிலிருந்த தியோ.

எல்லாரும் சிரித்தார்கள். ரொவீனா சிரிக்கவில்லை.

“இந்த மண்ணுல பிறந்த எனக்கே பழைய காகிதத்தையெல்லாம் தேடித் தேடி ஒரு பேருதான் கிடைச்சுது. ஒஹையோவுலேர்ந்து வந்து கிளினிக் போட்டவங்களுக்கு எங்கேர்ந்து வந்தாங்க இத்தனை பாட்டன் பாட்டி? பரம்பரைப் பெருமை பீத்திக்க இதுவா இடம்?”

கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. பல் டாக்டர் ஆர்டெல் வருகிற தோரணையும் அப்படி. பளிச்சென்ற வெள்ளை கவுன், குடை அளவுக்கு ஒரு தொப்பி, எப்போதும் முன்வரிசை நாற்காலி.

கடைசியில் ரொவீனாவே கிளினிக்குக்குப் போய்ச் சொன்னார்.

ஆர்டெல்லின் முகம் வாடிவிட்டது. “மூச்சு விடாம வேகமா சொல்லிடறேனே, மிஸ் ரொவீனா?”

“இது என்ன ஓட்டப் பந்தயமா?”

“அப்போ மலர்வளையத்தை விட்டப்புறம் சொல்லட்டுமா? எல்லாரும் சாப்பிடப் போயிடட்டும். நான் பாட்டுக்குத் தனியா நின்னு...”

“உங்களுக்கு விட்டா நாளைக்கு ஊரே கேக்கும். உங்க குடும்பத்துலேர்ந்து ஒரு பேரு. அவ்வளவுதான்.”

விழா நாளும் வந்தது.

“குவாமி!” என்று தண்ணீர் ஊற்றினார் ரொவீனா. “ஆஷே!” என்றது கூட்டம்.

“பினா!” என்றார் தியோ. “ஆஷே!”

குடுக்கை கை மாறி மாறி ஆர்டெல்லிடம் வந்தது. தண்ணீரை ஊற்றினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பதில் குரல் கொடுக்கக் காத்திருந்த கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அவர் குடுக்கையைப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

மலர்வளையம் இந்த முறை சமர்த்தாகக் கடலுக்குள் போய் மறைந்தது. ரொவீனாவுக்கு அதில் திருப்திதான். ஆனாலும் மனது கேட்கவில்லை. சாப்பாட்டுப் பந்தலில், தட்டில் போட்ட தக்காளிச் சோற்றைத் தொடாமல் நின்ற ஆர்டெல்லிடம் நேராகப் போனார்.

“என்ன வீம்பு டாக்டர் இது? ஒரு பேரு சொல்லலாம்னுதானே சொன்னேன்? எங்களை நாலு பேர் முன்னாடி கெட்டவங்களாக்கணுமா?”

“வீம்பு இல்லை, மிஸ் ரொவீனா. குடும்பத்துப் பேருன்னு சொன்னீங்க. நான் காப்பகத்துல வளர்ந்தவ. என்னைப் பெத்தவ பேரே எனக்குத் தெரியாது.”

ரொவீனா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அப்போ... போன வருஷம் கூப்பிட்டீங்களே, அவ்வளவு பேரு? அவங்கல்லாம் யாரு?”

ஆர்டெல் தட்டைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“பழைய அடிமை ஏல விளம்பரங்களை வச்சுக்கிட்டு நாம எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து தேடினோமே... அவங்கவங்க பாட்டன் பேரு கிடைச்சதும் நீங்கல்லாம் எழுந்து போயிட்டீங்க. கூப்பிட யாரும் இல்லாம மிச்சம் இருந்தவங்களைத்தான் நான் கூப்பிட்டேன்.”