ஏ.சி. ஓட்டலா, சித்தி மெஸ்ஸா?

மூர்த்தியின் பைக் அந்த ஓட்டல் வாசலில் நிற்காமல் நேராகப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த காவேரி அவன் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, ஓட்டல் போயிருச்சு!"

"போவட்டும். இன்னிக்கு மெஸ்ஸு."

பெங்களூர்க்காரர்கள் ஓசூரில் அந்த ஏ.சி. ஓட்டலைத் திறந்து ஒரு வருடம் ஆகிறது. அவர்களுக்கு அது எட்டாவது கிளை. அதே ஒரு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் காவேரிக்கும் மூர்த்திக்கும் அங்கே கண்ணாடி ஓரத்து மேஜைதான்.

"எட்டுக் கிளையிலயும் ஒரே சாம்பாரு. கண்ணைக் கட்டிட்டுத் தின்னா எந்த ஊர்ல இருக்கோம்னே தெரியாது" என்றான் மூர்த்தி.

"அதான் நல்லது. என்னிக்குப் போனாலும் மோசம் போவ மாட்டோம்."

"மூக்கண்டப்பள்ளில எங்க சித்தி மெஸ்ஸு வச்சிருக்காங்க. மெனு கார்டைப் பார்த்துக் கொண்டாந்து வைக்கிற ஆளு இல்ல அவங்க. ஆளைப் பார்த்துச் சோறு போடுவாங்க."

"மொதல்லயே சொல்லியிருந்தா நல்ல பொடவையா கட்டிட்டு வந்திருப்பேன்ல?"

"இதுவே போதும். சித்தி சரின்னா அம்மா சரி. வர்ற வெள்ளிக்கிழமையே பொண்ணு கேட்டு வந்துருவாங்க."

அவன் தோளில் இருந்த அவள் கை இறுகியது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஒரு வருடமாகக் காத்திருந்தாள்.

சிப்காட்டில் இருவருக்கும் ஒரே ஃபேக்டரி. அவன் சூப்பர்வைசர், அவள் பேக்கிங். கேன்டீனில் பேச்சுக் கொடுத்தவர்கள் எல்லாம் மூன்றாவது கேள்வியிலேயே அவள் வீடு வரைக்கும் தோண்டினார்கள். மூர்த்தி ஒரு நாளும் தோண்டவில்லை. "எனக்கு நீ போதும்" என்றான். அதற்காகவே அவனுக்குச் சரி சொன்னாள்.

மெஸ்ஸில் ஆறு பெஞ்ச். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சித்தி சாந்தம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"வா கண்ணு. என்னா இப்பிடி ஒட்டிப் போயிருக்கே? அந்தக் கண்ணாடி ஓட்டல்ல காத்தைத்தான் திங்கிறீங்களா ரெண்டு பேரும்?"

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. காவேரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயம் பாதி போயிற்று.

ஓர் இலை மட்டும் விழுந்தது.

"உங்களுக்கு?" என்றாள் காவேரி மூர்த்தியிடம்.

"நீ மொதல்ல சாப்புடு. நான் அப்புறம்."

ஆவி பறக்கும் கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. காவேரி களியைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்கினாள். சாந்தம்மா கைதட்டாத குறை.

"பாருடா மூர்த்தி! பல்லு படாம முழுங்கறா. இவ நம்மூருப் பொண்ணுதான்!"

இரண்டாவது உருண்டை விழுந்தது. சாந்தம்மா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கேளு கண்ணு. எங்கக்காவுக்கு முழங்கால் வலி. ஊருக்குள்ள வந்து வழி விசாரிச்சிக்கிட்டு அலைய முடியாது. வூட்டுக்கு எப்பிடி வரணும்னு வெவரமா சொல்லிடு."

காவேரி மூர்த்தியைப் பார்த்தாள். அவன் புன்னகையோடு தலையாட்டினான். "சொல்லு காவேரி."

"வேப்பனப்பள்ளி பஸ்ஸுல வந்து ஆலமரத்து ஸ்டாப்புல எறங்கணுங்கம்மா."

"எறங்கி?"

"கடைத்தெரு வழியா நேரா வந்தா மாரியம்மன் கோயிலு."

"வூடு கோயிலுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"அந்தாண்டங்கம்மா. கோயிலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, மாந்தோப்பு ஓரமாவே வரணும். எங்கப்பா பேரு ராமப்பன். யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க."

சாந்தம்மாவின் கையில் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு இலையில் நெய் கூடுதலாகவே விழுந்தது.

"நல்லா சாப்புடு கண்ணு. வச்சிடாத."

காவேரி இலையில் ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லை. கை கழுவப் பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்தபோது மனம் ஊரில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். நாலு நாற்காலியாவது இரவல் வாங்க வேண்டும்.

ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் சாந்தம்மாவின் குரல் கேட்டது.

"பொண்ணு தங்கம்டா மூர்த்தி. நான் பார்த்ததுல இப்பிடி ஒருத்தி இல்ல."

காவேரி குழாயை மெல்ல மூடினாள். இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று ஆசை.

"ஆனா கோயிலுக்கு அந்தாண்ட காலனிடா. அவ வூட்டு வாசல்ல எங்கக்கா கால் வைப்பாளா?"

காவேரிக்குப் படபடப்பு இல்லை. ஈரக் கையோடு தட்டியை ஒட்டி நின்றாள். எனக்கு நீ போதும் என்றவன் இப்போது சித்திக்கு என்ன பதில் சொல்லப்போகிறான் என்று கேட்கத்தான் காத்திருந்தாள்.

"வருசம் முழுக்கக் கூடவே சுத்துனியே, இத நீயே அவகிட்டக் கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

மூர்த்தி அலுத்துக்கொண்டான்.

"ஏ.சி. ஓட்டல்ல உக்காந்துக்கிட்டு எப்பிடி சித்தி கேக்கறது? அதுக்குத்தானே இங்க கூட்டியாந்தேன்."