கெனாடியின் குப்பி

கெனாடி முழங்காலை வலேரியுவின் நெஞ்சில் ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் இறக்கினான்.

ஜெயில் குளியலறையின் ஈரத் தரை. காலை மணி அடித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாசலில் கெனாடியின் ஆட்கள் இரண்டு பேர், உள்ளே நடப்பதற்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"கக்குடா விசிலு. உன் சளிக்கு வந்த வாழ்வப் பாரு, நானே கெஞ்சிக் கேக்குறேன்."

கெஞ்சுகிற லட்சணம் அப்படி. வலேரியுவின் உதடு ஏற்கெனவே கிழிந்திருந்தது. ஒரு பல் ஆடியது. மூச்சு இழுக்கும்போது வருகிற சத்தத்தால் வந்த பட்டப்பெயர்தான் விசில். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஆஸ்துமா. அவனுடைய இன்ஹேலர் இப்போது கெனாடியின் சட்டைப்பையில் இருந்தது.

தலைநகர் கிஷினாவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயில் என்னென்ன கிருமிகள் குடியிருக்கின்றன, இல்லாதவர்களிடம் என்னென்ன என்று ஒப்பிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி. இருபது கைதிகளுக்குப் பெயர் ஒட்டிய குப்பிகள். வெறும் வயிற்றில் காறித் துப்பித் தர வேண்டும். தனக்கும் இழுப்பு உண்டு என்று சாதித்து ஆஸ்துமாக்காரர் வரிசையில் நுழைந்தவன் கெனாடி.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வாரமாக ஜெயில் முழுக்க அதே பேச்சு. எவன் சளியில் ஆஸ்துமாக் கிருமி இருக்கிறதோ, அவனுக்கு மேல்மாடியில் ஜன்னல் வைத்த அறை. நாற்பது பேர் அடைந்து கிடக்கிற கூடத்தில் ஒரு ஜன்னலுக்காக ஆளையே கொல்வார்கள்.

வலேரியுவுக்கு ஜன்னல் வேண்டாம். இன்னும் பதினொரு நாளில் அவனுக்கு விடுதலை. ஏழு வயது மகள் ஆரிகா கடைசிக் கடிதத்தில் ஒரு பெரிய கதவை வரைந்து, பக்கத்தில் தன்னையும் வரைந்து அனுப்பியிருந்தாள். எப்படியாவது அந்தக் கதவுக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான்.

"மாட்டேன்" என்றான்.

விலாவில் குத்து இறங்கியது. கெனாடி அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சிமெண்ட் தரையில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. வலேரியுவின் கண் இருண்டது.

அப்போது இருமல் வந்தது. குடலே வெளியே வந்துவிடும்போல வந்தது.

கெனாடி அவசரமாக அவன் முகத்தைக் கவிழ்த்து, தன் குப்பியை வாயருகே பிடித்தான். கட்டியாக விழுந்தது. சிவப்பாக விழுந்தது. உதட்டு ரத்தம் என்று கெனாடி அதைப் பொருட்படுத்தவில்லை. மூடியைத் திருகி, தன் பெயரை ஒரு முறை ஆசையாகப் பார்த்துக்கொண்டான்.

"என் குப்பி காலியா இருந்தா கேப்பாங்களே" என்றான் வலேரியு, தரையில் கிடந்தபடியே.

கெனாடி சிரித்தான். நன்றாகக் காறி, வலேரியுவின் குப்பியில் துப்பினான். "இந்தா, ராஜா வீட்டுச் சளி. பத்திரமா வச்சுக்க."

இன்ஹேலரைச் சாக்கடைத் துவாரத்தின் பக்கம் எட்டி உதைத்துவிட்டுப் போனான். வலேரியு தவழ்ந்து போய் அதை எடுத்தான்.

ஒன்பதாம் நாள் காவலர்கள் கெனாடியைக் கூப்பிட்டார்கள். படுக்கையைச் சுருட்டி வைத்துத் தயாராக இருந்தவன் மாப்பிள்ளைபோல எழுந்து போனான். காவலர்கள் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டியிருந்தார்கள். மாடிப்படிப் பக்கம் போகாமல் முற்றத்தைத் தாண்டி, தனியாக நிற்கும் காசநோய்க் கட்டடத்தை நோக்கி இழுத்தார்கள்.

"அது என் சளி இல்ல சார்! அந்த விசிலோடது!"

"அவன் குப்பி சுத்தமா இருக்குடா. டிபி வந்தவனுங்க எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

கெனாடி கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்கள் மேலேயே தடியால் அடித்தார்கள். நாலாவது அடியில் விட்டான்.

அன்று மாலை டாக்டரம்மா வலேரியுவைத் தேடி வந்தார். முகமெல்லாம் ஆச்சரியம். "ஆஸ்துமாக்காரங்ககிட்ட இருக்கிற கிருமி உங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. ஆஸ்துமாவே இல்லாதவங்க சளி மாதிரி இருக்கு. எப்படிங்க இது?"

வலேரியு வாயைத் திறக்காமல் சிரித்தான். திறந்தால் இருமல் வரும்.

மூன்று மாதமாக அவன் இருமும்போதெல்லாம் கைக்குட்டையில் சிவப்பு. தினமும் குளியலறையில் அதைக் கசக்கிப் பிழிந்தான். இந்த ஜெயிலில் பரவும் டிபி சாதாரண மருந்துக்கு அடங்காது. தெரிந்தால் மருந்து முடிகிறவரை, ஒன்றரை வருடமோ இரண்டோ, வெளியே விடமாட்டார்கள். தன் குப்பியைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. ஜன்னல் அறையைப் பற்றி டாக்டரம்மா ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அந்தக் கதையைக் கட்டிவிட்டவனே அவன்தான். கேட்டவுடன் கொடுத்திருந்தால் கெனாடி சந்தேகப்பட்டிருப்பான். அதனால்தான் மாட்டேன் என்றான்.

பதினொன்றாம் நாள் கதவு திறந்தது. வரைந்த இடத்திலேயே ஆரிகா நின்றிருந்தாள்.

ஓடி வந்து தாவினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, முத்தம் கொடுக்க முகத்தோடு முகத்தை வைத்தாள்.

எல்லாவற்றையும் யோசித்திருந்தவன் இதை யோசிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டான். கைகள் அவளை விலக்க மறுத்தன.

அடிவயிற்றிலிருந்து இருமல் கிளம்பியது.