மிளாத் தடத்தில் ஒரு கண்ணி

காட்டிலாகா ரேஞ்சர் கையில் கண்ணி தொங்கியதைப் பார்த்ததும் மாடக்கண்ணுக்கு வயிறு குளிர்ந்தது.

வைத்தவனே அவன்தான். மிளா மான் சிக்குவதற்காக அல்ல; பலவேசம் சிக்குவதற்காக.

இரண்டு பேரும் ஒன்றாக வேட்டையாடியவர்கள். போன வருஷம் குற்றாலத்து மலைச்சரிவைச் சரணாலயமாக்கியபோது ஊரே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தது. இனி ஒருவரும் கண்ணி வைப்பதில்லை. அதற்குப் பதிலாகத் தேனுக்கும் சுள்ளிக்கும் அய்யனார் கோவில் கொடைத் திருவிழாவுக்கும் மலையேறிக்கொள்ளலாம். ஊரிலிருந்தே ஒருவனைக் காவலுக்கு எடுத்தார் ரேஞ்சர். காக்கிச் சட்டை பலவேசத்துக்குப் போயிற்று.

அன்றிலிருந்து மாடக்கண்ணுக்கு ஒரே வயிற்றெரிச்சல். சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு அவன் பெண்டாட்டி இராமலட்சுமி, "பலவேசம் அண்ணாச்சிக்குச் சட்டை எம்புட்டு எடுப்பா இருக்கு!" என்று வேறு சொல்லித் தொலைத்தாள்.

இப்போது மாட்டினான் பலவேசம். அவன் காவல் காத்த லட்சணத்தை ஊரே பார்க்கட்டும்.

ரேஞ்சர் பலவேசத்தைப் பார்க்கவில்லை. கூடி நின்ற ஊரைப் பார்த்தார். "சத்தியத்தை மீறிட்டீங்க. இனிமே இந்த ஊர்க்காரங்க யாரும் மலையேற வேண்டாம்."

மாடக்கண்ணு இதை எதிர்பார்க்கவில்லை. இது கண்ணி வைக்கும்போதே தோன்றியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் மானம் போயிற்று. திறக்காவிட்டால் ஊருக்கு மலை போயிற்று. அவன் திறக்கவில்லை.

"ஐயா, அது சத்தியத்துக்கு முந்தி நான் வச்சது," என்றான் பலவேசம். "எடுக்க மறந்துட்டேன். தப்பு என் ஒருத்தன் மேலதான்."

ரேஞ்சர் கம்பியைத் தடவிப் பார்த்தார். ஒரு சாரலில்கூட நனையாத சைக்கிள் பிரேக் கம்பி. "சரி, ஊருக்குத் தடையில்லை," என்றார். பிறகு சட்டைக்காகக் கையை நீட்டினார்.

பலவேசம் பொத்தான்களைக் கழற்றினான். "இத மாடக்கண்ணுக்குக் குடுங்கய்யா. கண்ணி எங்கன இருக்கும்னு அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்."

ரேஞ்சர் கொடுத்த சட்டையில் இன்னும் சூடு இருந்தது. மாடக்கண்ணு போட்டுக்கொண்டான். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

கூட்டத்தில் நின்ற இராமலட்சுமி அந்தச் சட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வீட்டில் பிரேக் கம்பி இல்லாமல் நிற்கும் சைக்கிளை அவளும் பார்த்தவள்தான். புருஷன் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி, "போத்திக்கிடுங்க அண்ணாச்சி" என்று பலவேசத்திடம் நீட்டினாள்.

வெறும் துண்டு. அதுவும் பழைய துண்டு.

பலவேசத்தின் தோளில் அது எவ்வளவு எடுப்பாக இருந்தது என்று மாடக்கண்ணு பார்த்துக்கொண்டே நின்றான்.